“கொண்டது” என்ற ஒரு சொல்லில் போன மதிப்பெண்கள்: பரிணாமப் பாடம் படித்த என் அனுபவம்

முடிவு வந்து நான்கு நாள் ஆகிறது. உயிரியலில் தேறிவிட்டேன், நினைத்ததைவிட நன்றாகவே. போன முறை என்னைக் கவிழ்த்த பரிணாமப் பகுதியில்தான் இந்த முறை அதிக மதிப்பெண். ஒரே பாடத்தை இரண்டு தடவை படித்தவன் என்பதால், முதல் தடவை எங்கே தவறினேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் இது. வினாத்தாள் அமைப்பு, பகுதிவாரி மதிப்பெண் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

இயற்கைத் தேர்வைப் பற்றிப் பேசும் இடத்தில் நாம் எழுதும் தேர்வையும் தேர்வு என்றால் குழம்பும். அதனால் கீழே அதைப் பரீட்சை என்றே எழுதுகிறேன்.

போன முறை வந்த பெரிய வினா: பூச்சிக்கொல்லிக்கு எதிர்ப்புத்திறன் பூச்சிகளிடையே எப்படிப் பெருகுகிறது என்பதை விளக்குக. தெரிந்த வினாதான். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அதில் நடுநாயகமான வரி இது: “பூச்சிக்கொல்லி தொடர்ந்து தெளிக்கப்பட்டதால், அதைத் தாங்குவதற்காகப் பூச்சிகள் தங்கள் உடலை மாற்றிக்கொண்டன; அந்த மாற்றம் அடுத்த தலைமுறைக்குக் கடந்தது.”

விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தபோது இரண்டு சொற்களுக்கு அடியில் மட்டும் வளைகோடு இருந்தது. ஒன்று “தாங்குவதற்காக”, இன்னொன்று “மாற்றிக்கொண்டன”. வேறு எந்தக் குறிப்பும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. இரண்டு வாரம் திருத்தியவர் மேல் கோபமாக இருந்தேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரிடம் காட்டினால், “எல்லாரும் இப்படித்தானே எழுதுகிறார்கள், உனக்கு மட்டும் கையை இறுக்கிவிட்டார்கள்” என்றார். அந்த ஆறுதல் எனக்குக் கெடுதலாகத்தான் முடிந்தது. திருத்தியவர் செய்தது முழுக்கச் சரி.

நான் எழுதியது டார்வின் சொன்னதல்ல, லாமார்க் 1809-இல் சொன்னதற்குப் பக்கத்தில் இருப்பது. உயிரி தன் வாழ்நாளில் பெற்ற மாற்றம் பிள்ளைகளுக்குப் போகும் என்பது அவர் கருத்து. பின்னாளில் வைஸ்மன் என்ற ஜெர்மன் உயிரியலாளர் ஐந்து தலைமுறை எலிகளுக்கு வாலை வெட்டிப் பார்த்தார். பிறந்த 901 குட்டிகளில் ஒன்றுகூட வால் குறைந்து பிறக்கவில்லை. இது எனக்குப் பரீட்சைக்கு முன்பே தெரியும், ஒரு மதிப்பெண் வினாவாக மனப்பாடமும் செய்திருந்தேன். ஆனால் பெரிய விடை எழுதும்போது என் வாக்கியமே என்னை லாமார்க் பக்கம் இழுத்துப் போய்விட்டது.

இதில் மொழிக்கும் பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். “கொள்” என்ற துணைவினை, செய்பவர் தனக்காகச் செய்வதைக் காட்டும். எழுதிக்கொண்டான், காப்பாற்றிக்கொண்டான், ஒதுங்கிக்கொண்டான். “தகவமைத்துக்கொண்டது” என்று எழுதிய அந்த நொடியே, பல்லியோ பாக்டீரியாவோ யோசித்து முடிவெடுத்து உடலைத் திருத்தியதுபோல ஆகிவிடுகிறது. பாடநூலிலேயே அந்தச் சொல் வருவதால் கை தானாக எழுதும். அங்கேதான் நிறுத்த வேண்டும்.

நான் எனக்கே போட்டுக்கொண்ட தடை:

– “-தற்காக” கூடாது.
– “-க்கொண்டது” கூடாது.
– “தேவைப்பட்டதால்” கூடாது.
– “இனத்தின் நலனுக்காக” கூடவே கூடாது.
– வாக்கியத்தின் எழுவாய் ஒரு தனி உயிரியாக இருந்தால் அது பிறந்தது, பிழைத்தது, இறந்தது, குட்டி போட்டது, அவ்வளவுதான். மாறியது என்று எழுத வேண்டுமென்றால் எழுவாய் இனக்கூட்டமாக (ஓரிடத்தில் வாழும் ஒரே இனத்தின் கூட்டமாக) இருக்க வேண்டும்.

கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டால்கூடப் போதும். மூன்று மாதம் நான் செய்த வேலையில் பாதி இதுதான். பழைய வினாக்களுக்கு நான் எழுதியிருந்த விடைகளை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயை வட்டமிட்டு, திருப்பி எழுதினேன். பூச்சி வரி இப்படி மாறியது: “தெளிப்பதற்கு முன்பே அந்தப் பூச்சிக் கூட்டத்தில் எதிர்ப்புத்திறன் தரும் மரபணு வடிவம் மிகச் சில பூச்சிகளிடம் இருந்தது. மருந்து மற்றவற்றைக் கொன்றது. பிழைத்தவை இனப்பெருக்கம் செய்ததால் அடுத்த தலைமுறைகளில் அந்த வடிவத்தின் விகிதம் கூடியது.” விகிதம் கூடியது, குறைந்தது, நிலையாக இருந்தது என்ற இந்த வினைகளோடு பழகிவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

“முன்பே இருந்தது” என்பதற்கு என்ன சான்று என்று எனக்கே சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் உங்களுக்கும் வர வேண்டும், வராமல் படித்தால் நிற்காது. ஜோஷுவா லெடர்பெர்க்கும் எஸ்தர் லெடர்பெர்க்கும் 1952-இல் வெளியிட்ட சோதனையைப் படியுங்கள். ஒரு தட்டில் மருந்தே இல்லாமல் பாக்டீரியாக் குடியிருப்புகளை வளர்த்தார்கள். வெல்வெட் துணியை அதன் மேல் அழுத்தி, அதே அச்சை ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்து கலந்த தட்டுகளில் பதித்தார்கள். பெரும்பாலானவை செத்தன, சில மட்டும் வளர்ந்தன. எல்லாத் தட்டிலும் அவை வளர்ந்தது ஒரே இடத்தில். அப்புறம் முதல் தட்டுக்குத் திரும்பி, மருந்தைப் பார்த்தே இராத அதே இடத்துப் பாக்டீரியாவை எடுத்துச் சோதித்தால், எதிர்ப்புத்திறன் அங்கே அதிகமாக இருந்தது. மருந்து அதை உண்டாக்கவில்லை, சலித்து மட்டும் எடுத்தது. இதைப் படித்த இரவு எனக்கு இந்தப் பாடமே வேறாகத் தெரிந்தது. கோபமும் அன்றோடு போனது.

எடுத்துக்காட்டு விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. பத்து எடுத்துக்காட்டை மேலோட்டமாக வைத்திருப்பதைவிட ஒன்றை முழுதாக வைத்திருங்கள். எனக்கு வேகமாக மனப்பாடம் ஆகாது, ஒரு கதை முழுசாகப் புரிந்தால்தான் நிற்கும். வேகமாக மனப்பாடம் ஆகிறவர்களுக்கு இது பொருந்தாமல் போகலாம்.

நான் பிடித்தது கலாபகஸ் தீவுகளின் ஃபின்ச் குருவிகள். டார்வின் காலத்துக் கதையை அல்ல, பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் டாஃப்னி மேஜர் என்ற சின்னத் தீவில் செய்ததை. அங்கிருந்த நடுத்தர நிலக்குருவிகளைப் பிடித்து, வளையம் மாட்டி, அலகை அளந்து, யார் யாருடைய குஞ்சு என்பதுவரை எழுதி வைத்தார்கள். 1977-இல் மழை பொய்த்தது. சின்ன, மென்மையான விதைகள் முதலில் தீர்ந்தன. மிஞ்சியவை பெரிய, கடினமான விதைகள். அவற்றில் நெருஞ்சி வகைச் செடியின் முள் விதையும் ஒன்று, தடித்த அலகால்தான் உடைக்க முடியும். சுமார் 1200 ஆக இருந்த குருவிகள் 180 அளவுக்குக் குறைந்தன. பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிமன், வறட்சிக்கு முன்பிருந்த கூட்டத்தின் சராசரியைவிட ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கூடுதல்.

இங்கே நின்று யோசியுங்கள். எந்தக் குருவியின் அலகும் அந்த வறட்சியில் தடிக்கவில்லை. மெல்லிய அலகுக் குருவிகள் செத்ததால் சராசரி நகர்ந்தது. அவ்வளவுதான் நடந்தது. அடுத்த ஆண்டு பிறந்த குஞ்சுகளுக்கும் அலகு தடிமனாக இருந்ததால்தான் இது பரிணாமம் ஆனது. அலகின் அளவு மரபுவழி வராமல் இருந்திருந்தால், சாவு மட்டும் மிஞ்சியிருக்கும், மாற்றம் இருந்திருக்காது. இந்த இரண்டாம் படியைப் பலர் எழுதாமல் விடுகிறார்கள். நானும் விட்டவன்தான்.

கதை அங்கே முடியவில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. 1983-இல் எல் நினோவால் மழை கொட்டியது, சின்ன விதைகள் பெருகின. அதன் பிறகு சின்ன அலகுக் குருவிகளுக்கே வாய்ப்பு கூடியது. ஆக “சிறந்த அலகு” என்று ஒன்று கிடையாது, அந்த ஆண்டின் விதைக்கு ஏற்ற அலகு என்றுதான் உண்டு. “தகுதியுள்ளவை தப்பிப் பிழைத்தல்” என்ற தொடரை வலிமையுள்ளது வாழும் என்று விளக்கி எழுதினால் மதிப்பெண் போகும். அது ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864-இல் உருவாக்கிய தொடர், டார்வின் தன் நூலின் 1869 பதிப்பில் எடுத்துப் பயன்படுத்தினார். தகுதி என்பதைப் பெற்று வளர்த்த வாரிசுகளின் எண்ணிக்கையால் எழுதுங்கள், உடல் பலத்தால் அல்ல.

இந்த ஒரு தீவை வைத்தே மாறுபாடு, மரபுவழி, அளவுக்கு மீறிய இனப்பெருக்கம், வேறுபட்ட பிழைப்பு என்ற நான்கு தலைப்பையும் எழுதிவிடலாம். நான் அப்படித்தான் எழுதினேன்.

மற்றவை வேகமாக:

– இலக்கு நோக்கியது, நிலைப்படுத்துவது, உடைப்பது என்ற மூன்று வகை இயற்கைத் தேர்வுக்கும் வரைபடம் போடாமல் விடை எழுதாதீர்கள். ஒரு திசையில் சராசரி நகர்வதை “இலக்கு நோக்கிய தேர்வு” என்று படித்திருப்போம். அந்தச் சொல்லை எழுதுங்கள், ஆனால் அதில் உள்ள “இலக்கு” உங்களை ஏமாற்ற விடாதீர்கள். 1983-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

– நிலைப்படுத்தும் தேர்வுக்கு எடுத்துக்காட்டு மனிதக் குழந்தையின் பிறப்பு எடை: மிகக் குறைவும் மிக அதிகமும் இல்லாத நடுத்தர எடைக்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

– கேடு தரும் மரபணு ஏன் அழியாமல் இருக்கிறது என்று கேட்டால் கதிர் அரிவாள் செல் நோய். அந்த மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களுக்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்பு என்பதை ஆலிசன் 1954-இல் காட்டினார். மலேரியா இல்லாத இடத்தில் இந்த ஆதாயம் இல்லை என்ற வரியையும் சேர்த்து எழுதுங்கள்.

– புள்ளி அந்துப்பூச்சி: 1848-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் அருகே கரிய வடிவம் பதிவானது, 1895-இல் அங்கே ஏறத்தாழ 98 சதவீதம். ஆலைப் புகை மரத்தைக் கறுப்பாக்கியது, பூச்சியை அல்ல; கறுத்த மரத்தில் வெளிர்நிறப் பூச்சிகள்தான் பறவைகளின் கண்ணில் பட்டன. இந்த எடுத்துக்காட்டே தவறு என்று யாராவது சொன்னால் குழம்ப வேண்டாம். மைக்கேல் மஜெரஸ் 2001 முதல் 2007 வரை 4864 பூச்சிகளை வைத்துச் செய்த ஆய்வு, பறவைகள் தின்பதுதான் முக்கியக் காரணம் என்று மறுபடி உறுதி செய்தது.

அந்துப்பூச்சியில் கணக்கு வந்தால் ஒரு பொறி இருக்கிறது. கரிய நிறம்தான் ஓங்கு பண்பு, அதாவது அதன் மரபணு வடிவம் ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படும்; வெளிர்நிறம் ஒடுங்கு பண்பு, இரண்டு பிரதி இருந்தால்தான் வெளிப்படும். 100 பூச்சிகளில் 84 கரியவை என்றால் 0.84-க்கு வர்க்கமூலம் எடுக்கக்கூடாது, அதில் இரண்டு வகை மரபணு அமைப்பு கலந்திருக்கிறது. கரிய வடிவத்தின் விகிதம் p, வெளிர் வடிவத்தின் விகிதம் q என்று வைத்தால், வெளிர்நிறம் 16, அதாவது q² = 0.16. q = 0.4, p = 0.6, கலப்பு நிலை 2pq = 0.48. எப்போதும் ஒடுங்கு பண்பிலிருந்தே தொடங்குங்கள். ஹார்டி–வெயின்பெர்க் சமநிலையில் (மரபணு வடிவங்களின் விகிதம் தலைமுறைதோறும் மாறாமல் இருக்கும் நிலை) இதைத் தவிர எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

இனம் அழிவதைப் பற்றிய பகுதியை யாரும் கவனமாகப் படிப்பதில்லை. எனக்கு அது மிக முக்கியமாகத் தோன்றுகிறது. இயற்கைத் தேர்வு இல்லாததை உண்டாக்காது, இருப்பதிலிருந்துதான் எடுக்கும். அப்படியென்றால் ஒரு இனத்தின் கையிருப்பு அதன் மாறுபாடுதான். வடக்கு யானைச் சீல்களை எண்ணெய்க்காக வேட்டையாடி, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சில பத்துகளுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பாதுகாத்த பிறகு இன்று ஒரு லட்சத்துக்கும் மேல். எண்ணிக்கை மீண்டது, ஆனால் இழந்த மரபணு வகைகள் மீளவில்லை. புதிய நோய் ஒன்று வந்தால், அதைத் தாங்கும் வடிவம் அந்தக் கூட்டத்தில் யாரிடமாவது ஏற்கெனவே இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. யார் பிழைத்தது என்பது இங்கே பெரும்பாலும் தற்செயல், அதனால் இது மரபியல் நகர்வு. 1977 குருவிகளில் அலகு முடிவு செய்தது, அதனால் அது தேர்வு. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதினால் வேறுபாடு கேட்கும் வினாவுக்கு வேறு எதுவும் தேவையில்லை.

கடைசிப் பத்து நாள் நான் செய்தது:

– புதிதாக எதுவும் படிக்கவில்லை.
– தினமும் ஒரு தெரியாத உயிரியை எடுத்து, தடைச் சொற்கள் இல்லாமல் ஒரு பத்தி.
– எழுதியதை மறுநாள் காலையில் சிவப்பு மையால் நானே திருத்தினேன். எழுதிய அன்றே திருத்தினால் தவறு கண்ணில் படாது.
– மனப்பாடம் செய்த ஆண்டுகள் 1809 (லாமார்க்கின் நூல்), 1858 (டார்வின், வாலஸ் கட்டுரைகள்), 1859 (டார்வினின் நூல்), 1908 (ஹார்டி–வெயின்பெர்க்) மட்டும்.

இந்த முறை வந்த பெரிய வினா, குகை மீன்களுக்குக் கண் இல்லாததை விளக்குக. படித்ததும் முதலில் மனதில் வந்த வாக்கியம் “பயன்படுத்தாததால் கண் மறைந்துவிட்டது” என்பதுதான். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எழுவாய் என்ன, கூட்டத்தில் முன்பே என்ன இருந்தது, எதன் விகிதம் ஏன் மாறியது என்று மூன்று கேள்வியைத் தாளின் ஓரத்தில் எழுதினேன். அப்புறம் விடை தானாக வந்தது. வெளிச்சமுள்ள ஆற்றில் கண்ணைக் கெடுக்கும் சடுதிமாற்றம் (மரபணுவில் திடீரென ஏற்படும் மாற்றம்) உள்ள மீன் பிழைக்காது, அதனால் அந்த மாற்றம் பெருகாது. இருட்டில் அதைத் தடுக்க எதுவும் இல்லை, எனவே அவை சேர்ந்துகொண்டே போகலாம். கண் திசுவுக்கு ஆற்றல் நிறைய வேண்டும், உணவு குறைந்த குகையில் சிறிய கண்ணுள்ளவை அதை மிச்சப்படுத்தி அதிகக் குஞ்சுகளை விட்டுச் சென்றிருக்கலாம். வெவ்வேறு குகைகளின் குருட்டு மீன்களைக் கலந்தால் சில சமயம் பார்வையுள்ள குஞ்சுகள் பிறக்கின்றன, ஏனென்றால் ஒவ்வொரு குகையிலும் கெட்டுப்போனது வேறு வேறு மரபணு.

அந்த ஒரு விடைக்கே இருபத்தைந்து நிமிடம் போனது. இரண்டு ஒரு மதிப்பெண் வினாக்களை விட்டுவிட்டு எழுந்தேன். அதற்காக வருத்தப்படவில்லை.