தனிப் பியானோ ஜாஸ் ஆல்பம்: ஒலிப்பதிவு நாட்குறிப்பு

மார்ச் 3
ஸ்டாண்டர்டுகள் (ஜாஸ் கலைஞர்கள் பலரும் வாசிக்கும் பழம்பாடல்கள்) ஆறு, சொந்த இசையமைப்புகள் நான்கு. அடுத்தடுத்த இரண்டு பாடல்கள் ஒரே கீயிலும் (ஆதார சுருதி) ஒரே வேகத்திலும் வரக்கூடாது. ஒற்றைக் கருவி என்பதால் காது சீக்கிரம் அலுத்துவிடும்.

மார்ச் 5
இன்று முழுக்க இடக்கை. குழுவில் ரூட்டை (கார்டின், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டத்தின், அடிச்சுரத்தை) பேஸ்காரர் பார்த்துக்கொள்வார். ரூட்டிலிருந்து எண்ணினால் மூன்றாவதும் ஏழாவதுமான சுரங்களை, அதாவது தேர்டையும் செவன்த்தையும், பிடித்தால் போதும். தனியாக அதையே வாசித்தால் கார்டு அந்தரத்தில் தொங்கும். ரூட்டைக் கீழே வைத்தே ஆகவேண்டும். ஆனால் நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே போய் தேர்டை நெருக்கிப் பிடித்தால் சுரங்களோடு கூடவே எழும் மெல்லிய துணையொலிகள் உரசிக்கொண்டு கலங்கலாகக் கேட்கும். அதையே டென்த்தாக (தேர்டை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி) விரித்தால் தெளிந்துவிடும். கை எட்டாவிட்டால் கீழிருந்து உருட்டி வாசிக்கலாம். பெடலை (ஒலியை நீட்டும் மிதியை) மேல்சுரத்தோடு மாற்றினால், அதாவது எடுத்து மீண்டும் மிதித்தால், ரூட் அறுந்துபோகும். ரூட் விழும்போதே மாற்றவேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்.

மார்ச் 8
'பாடி அண்ட் சோல்' (1930): டி பிளாட் கீயில் தொடங்கி, நடுப்பகுதியில் அரைச்சுரம் ஏறி டி-க்குப் போகிறது. அந்த ஏற்றமே போதுமான வெளிச்சம் தருகிறது. அங்கே சத்தத்தையும் கூட்டினால் கெட்டுவிடும்.

'ஆல் த திங்ஸ் யு ஆர்' வழக்கமான 32 பார் (தாள அளவு) அல்ல, 36. கடைசிப் பகுதி மட்டும் 12 பார். சோலோவில் அந்த உபரி நான்கு பார் தவறினால் இழுத்துப்பிடிக்க ஆளில்லை. இடக்கையில் ரூட் மட்டும் வாசித்து, மெட்டை வாயால் பாடிப் பழகுவதே மருந்து.

மார்ச் 12
டியூனிங் 440 ஹெர்ட்ஸில் (நடு சி-க்கு மேலுள்ள ஏ சுரம்). அறை ஈரப்பதம் 45 சதவீதம். அது கூடினால் ஒலிப்பலகை உப்பி, நடுஸ்தாயியில் சுருதி ஏறும். ஓங்கி வாசித்தால் முதலில் பிசகுவது மேல்ஸ்தாயி. ஒரு சுரத்துக்கு அங்கே மூன்று தந்தி. மதியம் ஒருமுறை சரிசெய்ய டியூனர் கூடவே இருக்கவேண்டும்.

மார்ச் 13
இரண்டு கார்டியாய்டு மைக் (முன்பக்க ஒலியை அதிகம் பிடிப்பவை), 17 செ.மீ. இடைவெளி, 110 டிகிரி கோணம், மூடிக்கு வெளியே. சுத்தியல்களுக்கு நேர்மேலே வைத்தால் தட்டும் ஓசையே முன்னால் நிற்கிறது. மெதுவான பாடல்களுக்கு அது ஆகாது. மோனோவில் (இரு மைக்கின் ஒலியையும் ஒன்றாகச் சேர்த்து) கேட்டுப் பார்க்கவேண்டும்: கீழ்ஸ்தாயி மெலிந்தால் ஒரு மைக்கின் ஒலியை மற்றது அழிக்கிறது என்று அர்த்தம். ஏசி நிறுத்தம். கிறீச்சிடும் ஸ்டூலை மாற்றியாயிற்று.

மார்ச் 14
பாடலுக்கு மூன்று டேக் (முழுப் பதிவு முயற்சி), அதற்குமேல் வேண்டாம். பெடல் ரீங்காரத்தின் நடுவே வெட்டி ஒட்டினால் பழைய அதிர்வு சட்டென்று மறைந்து, ஒட்டு தெரிந்துவிடும். ஓங்கிய கார்டு விழும் இடத்தில் வெட்டினால் மறையும். கடைசிக் கார்டு முழுக்க அடங்கும்வரை பெடலையும் எடுக்கக்கூடாது, பதிவையும் நிறுத்தக்கூடாது.