போர்ட்டர் கொடுத்த பெட்டி

2023 ஏப்ரல் 15, சனி

நேற்று சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி செய்து வைத்துவிட்டு இரவு டூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். இன்று காலை ஷிப்ட் முடிந்து கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் ஆஸ்பத்திரி வார்டு போர்ட்டர் ஒரு அட்டைப்பெட்டியைச் சக்கர நாற்காலியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தார். ஜூனில் நான் ஓய்வு பெறும் வரைக்கும் இது உன்னிடம் இருக்கட்டும், கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடு என்றார். உள்ளே பார்த்தால் 45 சுற்று இசைத்தட்டுகள், மொத்தம் 61. எல்லாமே 1976க்கும் 1982க்கும் நடுவில் வந்த பங்க் (வேகமான, முரட்டு ராக்), ரெக்கே (ஜமைக்கா இசை) தட்டுகள். அவர் பதினாறு வயதிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தவை, யாருக்கும் இரவல் கொடுத்ததே இல்லையாம்.

என்னிடம் ஏன் கொடுத்தார் என்பதற்கு 2008க்குப் போக வேண்டும். நான் ஊரிலிருந்து லண்டனுக்கு நர்ஸ் வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்த நேரம், எங்கே போனாலும் எம்.ஐ.ஏ. என்ற பாடகியின் 'பேப்பர் பிளேன்ஸ்' ஒலித்துக்கொண்டிருந்தது. அவர் மாதங்கி என்ற ஈழத்துப் பெண், லண்டனில் ஹவுன்ஸ்லோவில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், 1986இல் போரிலிருந்து தப்பி அம்மாவோடு லண்டனுக்கே திரும்பியவர் என்று ஒரு மலையாளத் தோழி சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தப் பாட்டின் அடியில் ஒரு கிட்டார் திரும்பத் திரும்ப வரும், அதை முணுமுணுத்துக்கொண்டே லிஃப்டில் நின்றிருந்தேன். இவர் தள்ளுவண்டியோடு உள்ளே வந்து, அது கிளாஷ் என்ற பங்க் குழு, 1982, 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' பாட்டு என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து பதினைந்து வருடமாக லிஃப்டிலும் டீ ரூமிலும் ஐந்து ஐந்து நிமிடமாக நான் அவரிடம் கேட்டுக்கொண்டதை எல்லாம் இனி எழுதி வைக்கப் போகிறேன். பெயர் போட வேண்டாம் என்றார், அதனால் இங்கே அவர் 'போர்ட்டர்' மட்டும்தான்.

2023 ஏப்ரல் 18, செவ்வாய்

லீவு நாள். பெட்டியில் முதலில் கைக்கு வந்தது பஸ்காக்ஸ் குழுவின் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்'. மான்செஸ்டர் பையன்கள் நாலு பேர், 1976 டிசம்பர் 28 அன்று ஒரே நாளில் நாலு பாட்டைப் பதிவு செய்து, கடன் வாங்கிய 500 பவுண்டில் தாங்களே 1,000 தட்டு அச்சடித்து, 1977 ஜனவரியில் வெளியிட்டார்கள். கம்பெனி கிடையாது, அதற்கும் ஒரு பெயரைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். கடைசியில் 16,000 போனது. தட்டின் உறையில் ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது தடவை வாசித்தபோது சரியாக வந்தது, மேலே என்ன சேர்த்துப் பதிந்தார்கள் என்பதைக்கூட அச்சடித்திருக்கிறார்கள். இதை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையல் குறிப்பு மாதிரி, நாங்கள் இப்படித்தான் செய்தோம், நீயும் செய்யலாம் என்று கடைக்கு வந்து வாங்குகிறவனிடம் நேரே சொல்வது போல இருந்தது.

அதில் ஒரு பாட்டில் கிட்டார் தனியாக வாசிக்கும் இடம் வரும். இரண்டே இரண்டு சுரம். அந்த இரண்டையே மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே இருப்பார்கள், கேட்கிறவருக்கு இப்போது மூன்றாவது வரும், இப்போது வரும் என்று தோன்றும், வராது. அந்தக் காலத்தில் பெரிய ராக் குழுக்கள் பத்து நிமிடம் விரல் வித்தை காட்டிக்கொண்டிருந்தார்கள், அதற்கு இதுதான் பதில் என்றார் போர்ட்டர். அதே ஜனவரியில் 'சைட்பர்ன்ஸ்' என்ற கையெழுத்துப் பத்திரிகை மாதிரியான ஒன்றில் கிட்டாரின் மூன்று கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை, படமாக வரைந்து, இப்போது ஒரு குழு ஆரம்பி என்று கீழே எழுதியிருந்ததாம். நிறையப் பேர் அதை 'ஸ்னிஃபிங் க்ளூ' பத்திரிகையில் வந்தது என்று தவறாகச் சொல்கிறார்கள் என்று அவருக்குக் கோபம்.

எனக்கு ஒன்பது வயதில் பாட்டு வாத்தியார் ஒருவர், இந்தக் குழந்தைக்குச் சாரீரம் இல்லை, காசை வீணாக்காதீர்கள் என்று அப்பாவிடம் சொல்லி முதல் வாரமே திருப்பி அனுப்பினார். சரளி வரிசைகூடத் தொடவில்லை. அதற்குப் பிறகு கோயிலில்கூட வாய் திறந்து பாடியதில்லை. இரண்டு சுரத்தோடு நிற்கும் அந்த இடத்தை இன்று ஏழெட்டுத் தடவை கேட்டேன். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மா தட்டு கீறிப் போச்சா என்று கேட்டாள். இல்லை, அப்படித்தான் என்றேன்.

2023 ஏப்ரல் 22, சனி

கோவென்ட் கார்டன் போனோம், நானும் மகளும். நீல் தெருவில் 41-43 எண் கட்டடம். இப்போது கடைத்தெரு, சாமான் வாங்குகிற கூட்டம். 1977இல் அதன் கீழே 'ராக்ஸி' என்ற பங்க் கிளப் இருந்தது. ஜனவரி முதல் தேதி கிளாஷ் வாசித்தார்கள். அந்த வசந்தத்தில் போர்ட்டருக்குப் பதினேழு வயது, அண்ணனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டாராம்.

நான் எதிர்பார்த்தது சத்தம், எச்சில், சண்டை இதெல்லாம்தான். அவருக்கு முதலில் நினைவு வருவது வேறு. ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறும் இடைவெளியில் டான் லெட்ஸ் தட்டு போடுவார், ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. போடுவதற்குப் பங்க் தட்டுகள் அப்போது விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன, அதனால் தன்னிடம் இருந்த ரெக்கே, டப் தட்டுகளைப் போட்டார். வெள்ளைக்காரப் பையன்கள் அதற்கு ஆடினார்கள். எங்கள் தெருவில் ஜமைக்கா வீடு ஒன்று இருந்தது, சுவர் வழியாக அந்த பேஸ் சத்தம் வந்தால் என் அப்பா சுவரைக் குத்துவார், அதே சத்தத்தை அன்றைக்கு வயிற்றில் வாங்கினேன் என்றார் போர்ட்டர்.

டப் எப்படி என்று எனக்கு அவர்தான் விளக்கினார். பாடி முடித்த பாட்டை எடுத்து, குரலைக் கழற்றி, கிட்டாரை அங்கங்கே மட்டும் விட்டு, பேஸையும் டிரம்ஸையும் முன்னால் கொண்டுவந்து, எதிரொலியைப் பிடித்து இழுப்பது. வாசிக்கிறவர் கருவியோடு நிறுத்திக்கொள்வதில்லை, ஒலிப்பதிவுப் பலகையும் ஒரு வாத்தியம் ஆகிவிடுகிறது. பங்க் எல்லாவற்றையும் வேகத்தால் நிரப்பியது. ரெக்கே இடம் விடக் கற்றுக்கொடுத்தது. 1977 ஏப்ரலில் வந்த கிளாஷின் முதல் ஆல்பத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடப் பாட்டுகள், நடுவில் ஜமைக்காப் பாடகர் ஜூனியர் மர்வினின் ரெக்கே பாட்டு 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' மட்டும் ஆறு நிமிடம் போகிறது. இந்தத் திருப்பம் இல்லையென்றால் அடுத்த பத்து வருட இங்கிலாந்து இசையே வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஸ்லிட்ஸ் குழுப் பெண்கள் 1979இல் ரெக்கே தயாரிப்பாளர் டென்னிஸ் போவெலோடு செய்த ஆல்பம், கோவென்ட்ரியில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து நின்ற ஸ்பெஷல்ஸ் குழு, எல்லாம் இந்தக் கதவு வழியாகத்தான் வந்தன. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு தொலைக்காட்சியில் கெட்ட வார்த்தை பேசியதை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்களே, எனக்கு அது பொறுக்கவில்லை.

2023 ஏப்ரல் 30, ஞாயிறு

இன்று அவரோடு விக்டோரியா பூங்காவுக்குப் போனேன். சரியாக 45 வருடம்.

1976 ஆகஸ்டில் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பர்மிங்ஹாமில் மேடையிலேயே, வெளிநாட்டவர்களை விரட்ட வேண்டும் என்று பேசினார். கறுப்பர்களின் புளூஸை வாசித்துப் பெயர் வாங்கியவர். அதைக் கண்டித்துச் சிலர் இசைப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்திலிருந்து 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' என்ற நிறவெறி எதிர்ப்பு இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து இந்தப் பூங்காவரை ஊர்வலம், பிறகு கச்சேரி. கிழக்கு லண்டனில் நேஷனல் ஃப்ரண்ட் என்ற நிறவெறிக் கட்சி ஓட்டு வாங்கிக்கொண்டிருந்த இடங்களின் நடுவில். 80,000 பேருக்கு மேல் என்கிறார்கள்.

போர்ட்டர் பின்னால், மரங்களுக்குப் பக்கத்தில் நின்றாராம். இடத்தைக் காட்டினார், பிறகு இல்லை அந்த மரம் என்றார், பிறகு மறுபடியும் மாற்றினார். மேடையில் பாட்டு சரியாகக் கேட்கவே இல்லை, காற்று அடித்தால் ஒரு வரி வரும், போகும். எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவின் பாடகி பாலி ஸ்டைரின் தலையில் துணி சுற்றிக்கொண்டு நின்றது மட்டும் தெரிந்தது. பாலி ஸ்டைரினின் அப்பா சோமாலியாக்காரர், அவளுக்குப் பல்லில் கம்பி, கூடவே ஒரு சாக்சஃபோன், இப்படி ஒரு பெண்ணைப் பாடகியாக அதற்கு முன் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஸ்டீல் பல்ஸ், டாம் ராபின்சன், கிளாஷ் எல்லாரும் வாசித்தார்கள். எந்தப் பாட்டு எந்த வரிசையில் என்று அவருக்கு நினைவில்லை. நினைவிருப்பது நடந்து வந்த தூரம். முன்னே யார், பின்னே யார் என்று தெரியாத அளவுக்குக் கூட்டம். என் தெருவில் இந்தக் கருத்து உள்ளவன் நான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், டிரஃபால்கர் சதுக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், கடைசி தெரியவில்லை என்று சொன்னபோது குரல் கொஞ்சம் தடுமாறியது. ஃபிளாஸ்கில் கொண்டுபோன டீயை ஊற்றிக் கொடுத்தேன்.

2023 மே 4, வியாழன்

அந்தக் கச்சேரிக்கு நாலாவது நாள், 1978 மே 4, அல்தாப் அலி என்ற வங்காளதேசத் தையல் தொழிலாளி வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒயிட்சேப்பலில் குத்திக் கொல்லப்பட்டார். பூங்காவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம். பத்து நாள் கழித்து ஏறத்தாழ 7,000 பேர் அவருடைய சவப்பெட்டியின் பின்னால் டவுனிங் தெருவரை நடந்தார்கள். அவர் விழுந்த இடத்தின் பக்கத்தில் இருந்த பூங்காவுக்கு இப்போது அவர் பெயர்.

இன்று டூட்டிக்கு முன் அங்கே இறங்கிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். போர்ட்டர் ஒரு தடவை என்னிடம் சொன்னதை எழுதலாமா என்று கேட்டேன், எழுது என்றார். அவர் அந்த இரண்டாவது ஊர்வலத்துக்குப் போகவில்லை. பாட்டுக்கு நடந்தேன், அந்தப் பெட்டிக்குப் பின்னால் நடக்கவில்லை, அன்றைக்கு மழை, எனக்கு வேறு வேலையும் இல்லை என்றார். பெரிதாக அவர் சொன்ன எந்தக் கச்சேரிக் கதையையும்விட இதைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். ஏனென்று சரியாகச் சொல்ல வரவில்லை.

2023 ஜூன் 4, ஞாயிறு

1976இல் இதே தேதி. மான்செஸ்டரில் லெஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் செக்ஸ் பிஸ்டல்ஸ் வாசித்தார்கள். பஸ்காக்ஸின் ஷெல்லியும் டெவோட்டோவும் ஏற்பாடு செய்தது. வந்தவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். அதில் பீட்டர் ஹூக் என்பவர் மறுநாளே போய் பேஸ் கிட்டார் வாங்கினார், அதிலிருந்து ஜாய் டிவிஷன் என்ற குழு வந்தது. நானும் அங்கே இருந்தேன் என்று பின்னால் சொன்னவர்களைச் சேர்த்தால் ஒரு மைதானம் நிரம்பும் என்கிறார் போர்ட்டர். தான் அன்றைக்கு லண்டனில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்ததாகத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

அதே ஜூன் 4 அன்றுதான் சவுத்தாலில் குர்தீப் சிங் சாகர் என்ற பதினெட்டு வயது மாணவன் தெருவில் கொல்லப்பட்டான், அதிலிருந்துதான் அங்கே இளைஞர் இயக்கம் கிளம்பியது. பங்க் வரலாற்றில் முதல் செய்தி மட்டும்தான் எல்லா இடத்திலும் வருகிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

2023 ஜூன் 9, வெள்ளி

இன்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். 61 தட்டும் சரியாக இருக்கிறது என்று நான் எண்ணிக் காட்டப் போனேன், வேண்டாம் என்றார். டீ ரூமில் யாரும் இல்லை. பதினைந்து வருடமாக நீங்களே எனக்குக் கேட்கக் கொடுக்கிறீர்கள், இன்றைக்கு நான் ஒன்று போடுகிறேன் என்று போனை எடுத்தேன்.

'பேப்பர் பிளேன்ஸ்' வந்த அதே ஆல்பம், 2007, பெயர் 'கலா', எம்.ஐ.ஏ.வின் அம்மா பெயர். அதற்கு முந்தையது அப்பாவின் பெயரில் 'அருளர்'. அகதியை, விசாவை, எல்லை தாண்டுவதைப் பாடும் பாட்டுக்கு, குடியேறியவர்களைத் திரும்பிப் போகச் சொல்லும் உலகத்தைப் பாடிய கிளாஷின் கிட்டாரையே எடுத்தார் என்பது போர்ட்டருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், எழுதியவர்கள் பட்டியலில் கிளாஷ்காரர்கள் பெயரும் உண்டு. ஆனால் அந்த ஆல்பத்துக்காகச் சென்னையில் பதிவு நடந்தது அவருக்குத் தெரியாது. 'பேர்ட் ஃப்ளூ'வைப் போட்டேன். இது எங்கள் ஊர் 'ஜெயம்' படத்துத் திருவிழாப் பாட்டிலிருந்து எடுத்தது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். பாதியில் நிறுத்தச் சொல்லி, அந்த இழுக்கிற சத்தம் என்ன, அது பேஸா, யாராவது பலகையில் செய்ததா என்று கேட்டார்.

உறுமி என்றேன். இரண்டு பக்கமும் தோல், ஒரு பக்கம் குச்சியால் அடிப்பார்கள், இன்னொரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், அந்தத் தேய்ப்பில்தான் மாடு உறுமுவது போலச் சத்தம் வரும், மணப்பாறைப் பக்கம் எங்கள் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான், வாசிக்கிறவர்களை என் சின்ன வயதில் வாசல் தாண்டி உள்ளே விட மாட்டார்கள் என்றேன். கடைசியில் சொன்னதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை, வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவர் சுவரைக் குத்தின அப்பாவைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திவிட்டு, மருந்துச் சீட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்து, அந்த வாத்தியத்தின் பெயரை எழுது, உங்கள் எழுத்தில் ஒன்று, எங்கள் எழுத்தில் ஒன்று என்றார். எழுதினேன். வல்லின றகரத்தை எப்படிச் சொல்வது என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தார், இரண்டாவது தடவையே சரியாக வந்துவிட்டது. தாளை மடித்துப் பெட்டிக்குள், தட்டுகளுக்கு நடுவில் செருகினார். அப்புறம், முதலிலிருந்து போடு, இந்தத் தடவை சத்தத்தைக் கூட்டி வை என்றார்.