நாலு மணி, 30 டிகிரி

எம்.எஸ்ஸி. முதல் வகுப்பில் எங்கள் பாலிமர் சார் கரும்பலகையில் 1953 என்று மட்டும் எழுதுவார். "அந்த வருசம் என்னப்பா நடந்துச்சு?" காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியின் திறப்பு விழா என்று யாராவது சொல்லிவிடுவோம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்த கதையைக் கேட்டு வளர்ந்த காரைக்குடிப் பிள்ளைகள்தானே! மிச்சத்தைச் சாரே சொல்வார்: ஜெர்மன் வேதியியலாளர் ஸ்டாடிங்கருக்கு நோபல் பரிசும் அதே ஆண்டுதான். பாலிமர் என்பது நீளச் சங்கிலி மூலக்கூறு என்று 1920-இல் அவர் எழுதியபோது பலர் ஏற்கவில்லை. கரைசலின் பாகுநிலையை, அதாவது அது ஓட எவ்வளவு தயங்குகிறது என்பதை, அளந்துதான் அவர் வாதாடினார்.

மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற திரவத்தைச் சீரிக் உப்பால் (சீரியம் உலோகத்தின் உப்பு) பாலிமராக்குவதில் சாரின் பாதி ஆயுள் போயிற்று. அதெல்லாம் ஆய்வேடுகளில் இருக்கிறது. எனக்கு நினைவில் நிற்பது பாகுநிலையை அளக்கும் விஸ்காமீட்டர்தான்.

பாலிமரைப் பென்சீனில் கரைத்து, 30 டிகிரியில் கண்ணாடி நுண்குழாய் வழியே இறங்கவிட்டு நொடி எண்ண வேண்டும். (பென்சீனை அன்று மோர் மாதிரி ஊற்றினோம். இன்று சிங்கப்பூரில் என் ஆய்வகத்தில் புட்டியைக் கண்டாலே பாதுகாப்பு அதிகாரி ஓடிவருவார்.) ஒரு டிகிரி ஏறினால் பென்சீனின் பாகுநிலை ஒரு சதவீதத்துக்கு மேல் இறங்கும். விஸ்காமீட்டரை வைக்கும் எங்கள் தண்ணீர்த் தொட்டியில் ஹீட்டர் உண்டு, குளிரூட்டி கிடையாது. சித்திரை வெயிலில் அறையே 37 என்றால் தண்ணீர் 30-இல் எப்படி நிற்கும்? அதனால் சாரின் அளவீடு எல்லாம் விடியலுக்கு முன்பு.

ஒருநாள் தூங்கிவிட்டேன். நண்பகலில் ஐஸ் கட்டிகளைப் போட்டுப் போட்டு அளந்து, நோட்டில் 30 என்று எழுதிக் கொடுத்தேன். எண்கள் அழகாகவே இருந்தன. சார் மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார்.

"தண்ணி 30-ல நின்னுச்சா, நீ நிக்க வச்சியா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தின் குறுக்கே ஒரே கோடு போட்டுத் தேதியிட்டார். கிழிக்கவில்லை, தப்பும் நோட்டில் இருக்கணும் என்பார்.

மறுநாள் நாலு மணிக்கு நான் போனபோது ஆய்வகத்தில் விளக்கு எரிந்தது. பிளாஸ்கில் காப்பியோடு சார் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் 28. ஹீட்டரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். நாலு முறை ஓட்டினோம், நாலும் 0.2 நொடி வித்தியாசத்துக்குள் வந்தன.

"இப்ப எழுது" என்றார்.