டாட்சன் 240இசட் காருக்கு ஐந்து கியர் பெட்டி

அமெரிக்கச் சந்தைக்கென்று நிஸான் நிறுவனம் டாட்சன் என்ற பெயரில் தயாரித்த 240இசட் கார்களில் ஐந்தாவது கியர் கிடையாது. என்னிடம் இருப்பது 1971ஆம் ஆண்டில் வந்த அந்த வகைதான். ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் 2.4 லிட்டர் எல்24 என்ஜினும், எடை குறைந்த உடலும், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷனும் கொண்ட அந்தக் காரை வளைந்து செல்லும் சாலையில் ஓட்டும்போது வேறெதுவும் வேண்டாம் என்றே தோன்றும். நெடுஞ்சாலைக்கு வந்ததும்தான் குறை தெரியும். மணிக்கு 100 கிலோமீட்டரில் என்ஜின் நிமிடத்துக்கு 2,800 சுற்றுகளில் இருக்கிறது. 120ஐத் தொட்டால் 3,370 ஆகிவிடுகிறது. அதற்கு மேல் மாற்றுவதற்குக் கியர் இல்லை. மணிக்கணக்கில் அந்த இரைச்சலோடு பயணம் செய்வது காருக்கும் நல்லதல்ல, காதுக்கும் நல்லதல்ல. அதனால்தான் பழைய நான்கு கியர் பெட்டியை இறக்கிவிட்டு, அதே நிறுவனத்தின் 280இசட்எக்ஸ் காரிலிருந்து வந்த ஐந்து கியர் பெட்டியை ஏற்றினேன்.

இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்களில் பலர், ஒரு கியர் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டுப் பெட்டியை வாங்கிவிடுகிறார்கள். கியர்பாக்ஸை மட்டும் தனியாக வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதுதான் என் உறுதியான கருத்து. சக்கரத்துக்குப் போய்ச் சேரும் விசையைத் தீர்மானிப்பது கியரின் விகிதமும் (வெளியேறும் ஷாஃப்ட் ஒரு முறை சுற்ற என்ஜின் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற எண்) பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் விகிதமும் பெருக்கி வரும் எண். என் காரில் முதல் கியர் 3.549, டிஃபரன்ஷியல் 3.364. இரண்டையும் பெருக்கினால் 11.94 வருகிறது. 1981 முதல் 1983 வரையிலான 280இசட்எக்ஸ் பெட்டியின் விகிதங்கள் முறையே 3.062, 1.858, 1.308, 1.000, 0.745. இதை டிஃபரன்ஷியலை மாற்றாமல் அப்படியே பொருத்தினால் முதல் கியரின் மொத்த விகிதம் 10.30 ஆகக் குறைந்துவிடும். நின்ற இடத்திலிருந்து காரைக் கிளப்பும்போது ஏறக்குறைய 14 சதவீத விசை காணாமல் போகும். மேட்டில் கிளட்சை அரைத்துத்தான் நகர்த்த வேண்டியிருக்கும். "ஐந்து கியர் போட்டதிலிருந்து கார் மந்தமாகிவிட்டது" என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வதற்குக் காரணம் இதுதான். அதில் பெட்டியின் மேல் குற்றமே இல்லை.

டிஃபரன்ஷியலை 3.9 விகிதத்துக்கு மாற்றினால் கணக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். 3.062ஐ 3.9ஆல் பெருக்கினால் 11.94. பழைய முதல் கியரின் அதே எண், இரண்டு தசம இடம் வரை மாறாமல் வருகிறது. காகிதத்தில் இதைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்னும் மறக்க முடியவில்லை. ஐந்தாவது கியரின் மொத்த விகிதம் 2.91, பழைய நான்காவது கியரில் அது 3.364. அதாவது கிளம்பும்போது பழைய கார் அப்படியே இருக்கிறது, 100 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் 2,800 சுற்றுகள் 2,425ஆக இறங்குகின்றன. ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் ஐந்து கியருடன் விற்ற கார்களில் பலவற்றுக்கும் 3.9 டிஃபரன்ஷியலே கொடுக்கப்பட்டது என்பதைப் பார்க்கும்போது, அந்தப் பொறியாளர்களும் இப்படித்தான் இரண்டையும் சேர்த்து யோசித்திருக்கிறார்கள் என்பது விளங்குகிறது.

டிஃபரன்ஷியலைத் தொட விரும்பாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 1977, 1978ஆம் ஆண்டுகளின் 280இசட் காரில் வந்த ஐந்து கியர் பெட்டியில் முதல் கியர் 3.321, ஐந்தாவது 0.864. பழைய 3.364 டிஃபரன்ஷியலுடன் சேர்த்தால் முதல் கியர் 11.17, ஐந்தாவது 2.91. நெடுஞ்சாலையில் இரண்டு வழிக்கும் துளி வித்தியாசமும் இருக்காது. வித்தியாசம் நடுவில்தான் தெரியும். அந்தப் பெட்டியில் இரண்டாவது 2.077, மூன்றாவது 1.308. 6,000 சுற்றுகளில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினால் என்ஜின் 3,780க்கு விழுந்துவிடும். 1981க்குப் பிந்தைய பெட்டியில் அதே மாற்றத்தில் 4,220க்கு மேல் நிற்கும். மேல் சுற்றுகளில் உயிர்பெறும் எல்24 என்ஜினுக்கு அந்த நானூற்றுச் சொச்சம் சுற்றுகள் பெரிய விஷயம். வளைவிலிருந்து வெளியே வரும்போது மூன்றாவது கியர் விழுந்தவுடன் என்ஜின் தளராமல் இழுப்பதை ஒரு முறை உணர்ந்தவர்கள், டிஃபரன்ஷியலை மாற்றும் சிரமத்தைப் பொருட்படுத்த மாட்டார்கள். நான் பிந்தைய பெட்டியைத் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான்.

இதைவிட வலுவான பெட்டிகளும் உண்டு. 280இசட்எக்ஸ் டர்போவில் வந்த போர்க் வார்னர் டி5 பெட்டியையும், நிஸான் 350இசட் காரின் ஆறு கியர் பெட்டியையும் பழைய இசட் கார்களில் பலர் பொருத்துகிறார்கள். என்ஜினின் திறனைப் பல மடங்கு கூட்டியவர்களுக்கு அவை தேவைப்படலாம். ஆறு கியர் பெட்டிக்கு அடாப்டர் தகடு வேண்டும், கியர்பாக்ஸ் அமரும் நடுச் சுரங்கத்தின் தகட்டை வெட்டியோ தட்டியோ இடம் உண்டாக்கவும் வேண்டும். ஐம்பது வருடம் தாக்குப்பிடித்த உடலில் வெட்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை. பிறகு எப்போதாவது யாரேனும் இந்தக் காரைப் பழைய நிலைக்கே கொண்டுபோக விரும்பினால், வெறும் ஸ்பேனரைக் கொண்டே அது முடிய வேண்டும் என்று நினைத்தேன்.

பெட்டியை இறக்கும் வேலை எல்லா பின்சக்கர இயக்கக் கார்களுக்கும் பொதுவானது. பேட்டரி இணைப்பு, கியர் கம்பு, பெட்டியையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் விளக்கின் சுவிட்ச் வயர், கிளட்சின் ஸ்லேவ் சிலிண்டர், ஸ்டார்ட்டர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். பெட்டியின் பின்பக்கத்தைத் தாங்கும் குறுக்குத் தாங்கியைக் கழற்றும் முன் என்ஜினின் எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் என்ஜின் பின்பக்கமாகச் சாய்ந்து ரப்பர் மவுண்டுகளையும் ரேடியேட்டர் குழாய்களையும் இழுத்துவிடும். பெட்டி வெளியே வந்ததும் கிராங்க்ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலையும், அதன் நுனிக்குள் கியர்பாக்ஸ் ஷாஃப்டைத் தாங்கியிருக்கும் பைலட் புஷ்ஷையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அந்த இடத்தை மறுபடியும் திறக்க வேண்டிய நிலை வந்தால் முழு வேலையும் முதலிலிருந்து தொடங்கும்.

இந்த மாற்றத்தில் அதிகம் பேரைத் தடுக்கி விழ வைப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் உதிரிப்பாகம். கிளட்சின் ரிலீஸ் பேரிங் ஏறி அமரும் உருளை வடிவ காலர்தான் அது. கியர்பாக்ஸின் முன்மூடியிலிருந்து நீளும் குழாயின் மேல் அது முன்னும் பின்னும் நகர்கிறது; பெடலை மிதித்ததும் ஃபோர்க் என்ற கவை அதைத் தள்ள, பேரிங் போய், கிளட்ச் தட்டை ஃபிளைவீலோடு (என்ஜினின் பின்முனையில் சுழலும் கனமான சக்கரம்) அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்துகிறது. நிஸான் பல உயரங்களில் இந்தக் காலரைச் செய்திருக்கிறது. பெட்டியோடு வந்த காலரைத்தான் போட வேண்டும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது சரியல்ல. காலர் பெட்டிக்குச் சேர்ந்தது அல்ல, பிரஷர் பிளேட்டுக்குச் சேர்ந்தது. பிரஷர் பிளேட் உயரமாக இருந்தால் காலர் குட்டையாக இருக்க வேண்டும். 240 மில்லிமீட்டர் கிளட்சுக்கு வரும் காலர் 225க்கு வருவதைவிடக் குட்டையாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இதைச் சோதிக்க இசட் கார்க்காரர்களிடையே நெடுநாளாகப் புழங்கிவரும் அளவு 92 மில்லிமீட்டர். பிரஷர் பிளேட்டை ஃபிளைவீலில் முழுவதுமாக முடுக்கிய பிறகு, ஃபிளைவீலின் உராய்வுப் பரப்பிலிருந்து விரல்களின் நுனி வரை உள்ள உயரத்தை ஆழமானியால் அளக்க வேண்டும். அடுத்ததாக, பேரிங் ஏற்றிய காலரில், விரல்களைத் தொடும் முகத்திலிருந்து ஃபோர்க் பிடிக்கும் காதுகள் வரை உள்ள தூரத்தை அளக்க வேண்டும். இரண்டின் கூட்டுத்தொகை 92க்குப் பக்கத்தில் வர வேண்டும். தொகை கணிசமாகக் குறைந்தால் பெடலைத் தரை வரை மிதித்தாலும் கிளட்ச் முழுமையாக விடுபடாது. ரிவர்ஸ் போடும்போது பற்கள் அரைபடும். கூடினால் பேரிங் எப்போதும் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும். கிளட்ச் வழுக்கித் தேய்ந்துபோகும். இரண்டு கோளாறும் கார் தரையிறங்கிய பிறகுதான் தெரியவரும் என்பதால், மேசையில் செலவிடும் அந்தப் பத்து நிமிடங்களை யாரும் மிச்சப்படுத்த நினைக்க வேண்டாம்.

எல் வரிசை என்ஜின் இரண்டு கார்களுக்கும் பொது என்பதால் பெட்டி என்ஜினோடு நேராகவே பொருந்திக்கொண்டது. என் காரின் குறுக்குத் தாங்கி மட்டும் புதிய பெட்டியோடு ஒத்துவரவில்லை; உடலைத் தொடாமல் தாங்கியையே மாற்றியமைத்தோம். புரொப்பெல்லர் ஷாஃப்டின் முன்முனை பெட்டியின் வால்பகுதிக்குள் வழுக்கி நுழையும் அமைப்பு கொண்டது. அதைக் கடைசி வரை உள்ளே தள்ளிவிட்டு, பிறகு டிஃபரன்ஷியலின் ஃபிளேஞ்சோடு பொருந்தும் இடத்துக்கு இழுத்து, எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்று பார்த்துக்கொள்வது அவசியம். டிஃபரன்ஷியல் உடலோடு இறுகிய அமைப்பு என்பதால் ஷாஃப்ட் அதிகம் நகராது. இருந்தாலும் என்ஜின் ரப்பரின் மேல் அசையும்போது முட்டாமலிருக்க இடம் வேண்டும்.

கியர் கம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 240இசட் காரின் வளைந்த கம்பையே புதிய பெட்டியில் பயன்படுத்தினேன். கன்சோலின் துளைக்கு நடுவில் குமிழ் வந்து நிற்பதற்கு அதுதான் ஏற்றது. கம்பை உள்ளே பிடித்திருக்கும் ஊசியின் இரு பக்கமும் உள்ள சிறிய புஷ்கள் பழைய கார்களில் பெரும்பாலும் பொடிந்துபோயிருக்கும். என் காரில் கழற்றியபோது பழுப்பு நிறத் துகள்களாகத்தான் வந்தன. புதியவற்றைப் போட்ட பின் குமிழ் கையில் ஆடவில்லை, ஒவ்வொரு கியரும் எங்கே விழுகிறது என்பது விரலுக்குத் தெளிவாகத் தெரிகிறது. பெட்டியை மாற்றாதவர்கள்கூட இதை மட்டுமாவது செய்துகொள்ளலாம்.

எண்ணெயில் கவனம் தேவை. கியர் மாற்றும்போது வேகங்களை ஒத்துப்போகச் செய்யும் சின்குரோ வளையங்கள் பித்தளைக் கலவை என்பதால் ஜிஎல்-4 தரத்திலான எண்ணெயே ஊற்ற வேண்டும். டிஃபரன்ஷியலுக்கென்று விற்கும் ஜிஎல்-5 வகைகள் பலவற்றில் உள்ள கந்தகம் கலந்த சேர்க்கைகள் அந்த உலோகத்தை அரிக்கக்கூடும். பழைய எண்ணெயை வடிக்கும் முன் ஊற்றும் துளையின் பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வடித்த பிறகு அது அசையாமல் நின்றால் பெட்டி காலியாகவே கிடக்கும்.

ஸ்பீடோமீட்டர் பெட்டியின் வால்பகுதியிலுள்ள பினியன் என்ற ஒரு சிறிய பற்சக்கரத்தால் ஓடுகிறது. டிஃபரன்ஷியல் 3.364லிருந்து 3.9 ஆனதும் அதே வேகத்தில் புரொப்பெல்லர் ஷாஃப்டும் அதோடு பினியனும் 16 சதவீதம் அதிகமாகச் சுற்றும். 100இல் போகும்போது முள் 116 காட்டும். டிஃபரன்ஷியல் விகிதத்துக்கு ஏற்ப வெவ்வேறு பல் எண்ணிக்கையுள்ள பினியன்கள் இருக்கின்றன. பல் கூடுதலான ஒன்றைப் போட்டுவிட்டு, கைபேசியின் ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 60, 80, 100 என்று மூன்று வேகங்களிலும் முள்ளின் அகலத்துக்கு மேல் வித்தியாசம் இல்லை.