சேலத்து வெயிலில் சவ்வு ஏற்பியை அளப்பது

மருந்து சவ்வு ஏற்பியில் (செல்லின் சவ்வில் இருந்து மருந்தைப் பிடிக்கும் புரதத்தில்) ஒட்டுவதைச் சில்லின் மேல் ஒளியால் அளப்பது எஸ்பிஆர் (surface plasmon resonance) கருவி. அதில் முதல் எதிரி வெப்பம். சில்லின் மேல் ஓடும் தாங்கல் கரைசல் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) 1 டிகிரி மாறினாலே அடிக்கோடு (எதுவும் ஒட்டாதபோது காட்டும் அளவு) ஏறத்தாழ 100 ஆர்யு (கருவியின் அளவு அலகு) நகரும். கணக்கைப் பாருங்கள்: 40,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) ஏற்பியை 4,000 ஆர்யு அளவுக்குப் பதித்து, அதன் மேல் 400 டால்டன் மருந்தை ஓடவிட்டால், ஒரு ஏற்பிக்கு ஒரு மூலக்கூறு வீதம் எல்லாமே நிறைந்தாலும் கிடைப்பது 40 ஆர்யுதான். அதனால் சேலத்துக் கோடையில் மின்சாரம் போய்வந்தால், அடிக்கோடு நிலைபெறும்வரை எதையும் செலுத்தாதீர்கள்.

ஏற்காட்டுக் குளிரில் சிக்கல் வேறு. குளிர்ந்த கரைசலில் காற்று அதிகம் கரைந்திருக்கும். 25 டிகிரி சில்லில் அது குமிழாக வெளிவரும். அறை வெப்பத்துக்கு வந்தபின் வடிகட்டி, வெற்றிடத்தில் காற்றை நீக்குங்கள்.

ஏற்பியைச் சவ்வோடு பதிக்க எல்1 சில்லு (கொழுப்புச் சவ்வைப் பிடித்துவைக்கும் வகை) நல்லது. அதை 20 மில்லிமோலார் சாப்ஸால் (CHAPS, சோப்பு போன்ற பொருள்) கழுவி, 100 நானோமீட்டர் வடிகட்டியில் பிழிந்த லிப்போசோமை (ஏற்பி பொதிந்த நுண்ணிய கொழுப்புப் பைகளை) நிமிடத்துக்கு 2 மைக்ரோலிட்டர் வேகத்தில் விடுங்கள். தளர்ந்த அடுக்குகள் போக 10 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடு சிறிது நேரம் ஓடட்டும். அடுத்து பிஎஸ்ஏ (BSA, மாட்டு இரத்தப் புரதம்), மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம்: அது நன்றாக ஒட்டினால் சில்லு முழுதாக மூடவில்லை.

ஓடும் கரைசலில் ட்வீன் (Tween, இதுவும் சோப்பு போன்றது) வேண்டவே வேண்டாம், சவ்வு கரையும். ஒப்பீட்டு வாய்க்காலில் (இதன் அளவைக் கழித்துத்தான் உண்மையான ஒட்டுதலைப் பார்ப்போம்) வெறும் சில்லு போதாது; ஏற்பியில்லாத அதே லிப்போசோம் இருக்க வேண்டும். கொழுப்பில் கரையும் மருந்துகள் சவ்விலேயே ஒட்டி ஏமாற்றும்.