நிரம்பி வழிந்த டிரம்

இன்று விடிகாலை மழையில், மாடிக் குழாய்க்கு அடியில் வைத்த 200 லிட்டர் நீல டிரம் நிரம்பி, சுவரோர மண்ணை அரித்துக்கொண்டிருந்தது.

வழிந்தோட வைத்த குழாய் அரை அங்குலம். அது பத்தவே பத்தாது. உள்ளே வரும் குழாய் எந்த அளவோ, வெளியேறுவதும் அதே அளவு வேண்டும்.

100 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தாலே ஏறக்குறைய 90 லிட்டர்!

திருகு குழாயை அடியிலிருந்து நான்கு விரல் மேலே பொருத்துங்கள். வண்டல் கீழேயே தங்கிவிடும், பூவாளி அடைக்காது.

மழையின் முதல் பத்து நிமிடத் தண்ணீரை வெளியே விடுங்கள். காக்கை எச்சமும் தூசியும் அதில்தான்.

டிரம்மின் வாயில் கொசுவலையை இழுத்துக் கட்டுங்கள். இடுக்கு இருந்தால் பத்தே நாளில் கொசு.

நிரம்பிய டிரம் 200 கிலோவுக்கு மேல். அடியில் செங்கல் ஆடவே கூடாது.

ரசாயனம் இருந்த பழைய டிரம் மட்டும் வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும். கீரைக்கு ஊற்றும் தண்ணீர் அது.