காலியாக இருந்த தேதிக் கட்டம்

கல்லூரி முடித்ததும் சென்னையில் ஒரு டேட்டா என்ட்ரி நிறுவனத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். பழைய அச்சுப் பக்கங்களின் ஸ்கேன் வரும், அதில் உள்ளதை உள்ளபடியே தட்டச்சு செய்ய வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒருமுறை, அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு இல்லினாய் மாநிலம் அனுப்பிய தன்னார்வப் படைகளின் பெயர்ப் பட்டியல் என் பங்குக்கு வந்தது. பெயரும் பதவியும், ஊர், பதவி கிடைத்த தேதி, படையில் பதிவான தேதி, கடைசியில் குறிப்பு.

அதிகாரிகளுக்கு எதற்கு இரண்டு தேதி என்று முதலில் புரியவில்லை. அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை, அவரிடம் சொன்னதுமே பிடித்துக்கொண்டார். "ஆர்டர் போட்ட தேதி வேற, சேர்ந்த தேதி வேறடா. சம்பளம் சேர்ந்த தேதியிலிருந்துதான்."

விஷயம் ஏறக்குறைய அதுதான். படை மத்திய அரசுக்காகப் போரிட்டாலும், 1861 ஜூலையில் வந்த சட்டப்படி தன்னார்வப் படை அதிகாரிகளுக்கு நியமன ஆணை கொடுத்தவர் மாநில ஆளுநர். ஊரில் ஆள் திரட்டிய வக்கீலோ ஆசிரியரோ கேப்டன் ஆவார், பல கம்பெனிகளில் (கம்பெனி என்றால் ஏறக்குறைய நூறு பேர் கொண்ட படைப்பிரிவு) சிப்பாய்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள், ஆளுநர் கையெழுத்திட்டார். ஆனால் மத்திய அரசின் பதிவு அதிகாரி அந்தப் பதவியில் பெயரைப் பதிவு செய்தால்தான் அந்தப் பதவிக்கான சம்பளம்.

சில வரிகளில் அந்த இரண்டாவது கட்டம் காலியாக இருக்கும். 'பதிவாகவில்லை' என்று குறிப்பு இருக்கும். ஏன் என்று தேடிப் படித்தபோது மனசு கனத்துவிட்டது. 1863 நடுவில் வந்த உத்தரவுப்படி, ஆள்கணக்கு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போன கம்பெனியில் புதிதாக இரண்டாம் லெப்டினென்ட்டை, அதாவது கம்பெனியின் கடைசிப் படி அதிகாரியை, பதிவு செய்ய முடியாது. ஆள் குறைந்தது எதனால்? குண்டாலும் காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும்தான். மிச்சமிருந்தவர்களைக் கட்டிக் காத்த, அதிகாரிக்கு ஒரு படி கீழே இருக்கும் சார்ஜென்ட்டுக்கு ஆளுநர் ஆணை அனுப்புகிறார், கூட இருந்தவர்கள் செத்துப்போனதே அவர் அதிகாரியாக முடியாததற்குக் காரணமாகிறது. அதிகாரியின் வேலையையும் பொறுப்பையும் சுமந்துகொண்டு சார்ஜென்ட் சம்பளத்தில் இருந்தவர்கள் உண்டு. இது அநியாயம் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

இதே பட்டியலை வெளியிட்ட, இல்லினாய் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த மாநில ராணுவ அலுவலகத்தில்தான் 1861 வசந்தத்தில் கிராண்ட், ஆம், பின்னாளில் குடியரசுத் தலைவரான அதே யுலிசஸ் கிராண்ட், படைகளைப் பதிவு செய்யும் காகித வேலை பார்த்தார். ராணுவத்தில் கேப்டனாக இருந்து 1854-இல் விலகியவர். மறுபடி சேர விரும்பி வாஷிங்டனுக்குக் கடிதம் போட்டார், பதிலே இல்லை. ஜூனில் ஆளுநர் யேட்ஸ்தான் அவரை 21-ஆவது இல்லினாய் ரெஜிமென்ட்டுக்கு (பல கம்பெனிகள் சேர்ந்த படை) தலைவராக, கர்னலாக்கினார். அவருக்கு வழி திறந்தது ஒரு ஆளுநரின் கையெழுத்துதான்.

பதிவாகாதவர்களின் குறையைத் தீர்க்க 1884-இல் ஒரு சட்டம், அது போதாமல் 1897-இல் இன்னொன்று. போர் முடிந்ததோ 1865-இல். இருபதில் போனவருக்கு அதற்குள் ஐம்பது தாண்டியிருக்கும்.

அப்புறம் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. 'பதிவாகவில்லை' என்று ஒரு பெயரைத் தட்டச்சு செய்ததும், அதே கம்பெனியின் சிப்பாய்கள் பட்டியலுக்கு இறங்கி அதே பெயரைத் தேடுவேன். அங்கே இருப்பார். குறிப்பில் 'சார்ஜென்ட்டாக விடுவிக்கப்பட்டார்' என்று போட்டிருக்கும். அதையும் உள்ளபடியே தட்டச்சு செய்வேன்.